நாலடி ஆழச் சுவர்

ஷட்டர் விழுந்த சத்தத்துக்கு முதலில் திரும்பியவர் கண்டக்டர்தான். பதினெட்டு வருஷம் பஸ்ஸின் பின் படியில் நின்றே பிழைத்த மனுஷர். கதவு சாத்துகிற சத்தம் மற்றவர்களுக்குக் காதில் கேட்கும், அவருக்கு அடிவயிற்றில் கேட்கும். பஸ் வேலையை விட்டுவிட்டு டீச்சரிடம் துப்பறிய வந்து நாலு வருஷமாகியும் அந்தப் பயம் மட்டும் அவரை விட்டு இறங்கவில்லை.

இரும்புத் தகட்டுக்கு வெளியே பூட்டு மாட்டுகிற ஓசை வந்தது.

"முதலாளி! நாங்க உள்ளே இருக்கோம்!" கண்டக்டர் ஓடிப்போய் இரண்டு கையாலும் தட்டினார்.

வெளியே செருப்புச் சத்தம் ஒன்று மெதுவாக விலகிப் போயிற்று.

"காதுல விழலையோ?"

"விழுந்துச்சு," என்றார் டீச்சர். "விழாதவன் இவ்வளவு நிதானமா நடந்து போக மாட்டான்."

அறுபதைத் தாண்டிய ஒல்லியான அம்மாள் டீச்சர். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஓய்வு பெற்ற மறு மாசமே துப்பறியும் போர்டு மாட்டியவர். கேட்டவர்களிடம் "பரீட்சை ஹால்ல பிட்டு பிடிச்ச அனுபவம் போதாதா?" என்பார்.

குடோனில் மூன்றாவதாக ஒருத்தி இருந்தாள். முப்பது வயதிருக்கும். முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு ஒரு பெரிய பீரோவில் சாய்ந்து நின்றாள். நேற்றுக் காலையில் டீச்சர் வீட்டுப் படியேறி அழுதவள் அவள்தான். பழைய மரச்சாமான்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் இந்தக் கம்பெனியில் அவள் அப்பா குமாஸ்தாவாம். ஒவ்வொரு சாமானையும் அளந்து, இங்கிலீஷில் பட்டியல் எழுதுவது அவர் வேலை. ஒரு சொல் பிசகினாலும் தாளைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதுவாராம். அதனால் பட்டறையில் அவருக்கு 'டிக்‌ஷனரி' என்றே பெயர். திங்கட்கிழமை மத்தியானம் இன்ச் டேப்போடு இதே குடோனுக்குள் வந்தவர், வீடு வந்து சேரவில்லை.

அவள் இரண்டு தாள் கொண்டுவந்திருந்தாள். ஒன்று, அப்பா கடைசியாக எழுதிய பட்டியல். இன்னொன்று, அப்பாவின் அங்க அடையாளங்களை அவளே இங்கிலீஷில் எழுதியது.

இன்றைக்குக் காலையில் மூவரும் கம்பெனி வாசலுக்கு வந்தபோது முதலாளி பெரிய ரகளை பண்ணினான். அவளைப் பார்த்து, "உங்கப்பன் எங்கே ஓடினானோ எனக்கென்ன தெரியும்?" என்று குதித்தான். பிறகு என்ன நினைத்தானோ, "வேணும்னா குடோனைப் பாத்துக்குங்க. படம் பிடிக்கக் கூடாது, போனையெல்லாம் இங்கேயே வெச்சிட்டுப் போங்க" என்றான். வைத்தார்கள். உள்ளே வந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, ஷட்டர் விழுந்துவிட்டது.

"எலிக்குப் பொறி வெக்கிறவன் தேங்காய்த் துண்டாவது வெப்பான். நாம வெறும் பொறிக்குள்ளயே வந்து உக்காந்திருக்கோம்," என்றார் கண்டக்டர். சிரிக்கத்தான் சொன்னார். கண் ஷட்டரிலேயே இருந்தது.

ஜன்னல் இல்லை. கூரையை ஒட்டி, பூனைகூட நுழைய முடியாத காற்றுத் துளை ஒன்று. அதன் வழியே விழுந்த வெளிச்சத்தில் மேஜைகளும் கட்டில்களும் பீரோக்களும் கூரை வரை அடுக்கிக் கிடந்தன. வார்னிஷ் வாசனை தொண்டையை அடைத்தது. சாமான்கள் எல்லாம் தன்னை நோக்கி அரை அடி அரை அடியாக நகர்ந்து வருகிற மாதிரி கண்டக்டருக்குத் தோன்றியது. சட்டையின் மேல் பொத்தான் இரண்டைக் கழற்றிக்கொண்டார்.

"டீச்சர், எங்கப்பா இங்கேதான் எங்கேயோ இருக்கார்," என்றாள் அவள். "அந்தப் பட்டியல்ல ஏதோ இருக்கு. நீங்க கண்டுபிடிச்சிடுவீங்கன்னுதானே உங்ககிட்ட வந்தேன். சீக்கிரம் பாருங்க."

டீச்சர் ஒரு முக்காலியில் உட்கார்ந்து பட்டியலை வெளிச்சத்தில் பிடித்தார்.

"அறுபத்திரண்டு வரி. இந்த மனுஷர் சொல்லை நிறுத்துப் போடுறவர், கண்டக்டர். பாருங்க, ஒத்தை பீரோ நெட்டையா, ஒல்லியா நிக்குது. அதுக்கு 'டால்'னு போட்டிருக்கார். மேஜை அகலம் அதிகம், உசரம் கம்மி. அதுக்கு 'ஹை'. மெத்தைக்கு 'திக்'. இழுப்பறைக்கு 'டீப்'. எல்லாத்துக்கும் ஒரே சொல்லைப் போட்டு ஒப்பேத்துற ஆள் இல்லை."

"எனக்கு எல்லாம் ஒண்ணுதான் டீச்சர். பஸ்ல நாங்க 'உள்ளே போ, உள்ளே போ'ன்னு மட்டும்தான் சொல்லுவோம். எத்தனை அடி உள்ளேன்னு கேட்டவன் கிடையாது."

டீச்சரின் விரல் கடைசி வரிகளில் நின்றுவிட்டது. இன்ஷூரன்ஸ்காரர்களுக்காகக் குடோனின் சுவர்களையும் அளந்து எழுதியிருந்தார் டிக்‌ஷனரி.

"இடது சுவர் ஒன்றரை அடி திக். வலது சுவர் ஒன்றரை அடி திக்." டீச்சர் நிமிர்ந்தார். "பின் சுவர் நாலடி... டீப்."

"நாலடியா! கோட்டையா கட்டியிருக்கான்?"

"நாலடிங்கிறதை விடுங்க. சொல்லைப் பாருங்க. மத்த ரெண்டு சுவருக்கும் திக், இதுக்கு மட்டும் டீப்."

"அப்பா அவசரத்துல மாத்தி எழுதியிருப்பார்," என்றாள் அவள்.

"அறுபது வரி வரைக்கும் வராத அவசரமா?" டீச்சர் எழுந்துவிட்டார். "கண்டக்டர், திக்குன்னா பொருளோட சதை. ரொட்டி திக், பலகை திக், புத்தகம் திக். டீப்புன்னா உள்ளே இருக்கிற இடம். பானை டீப், கிணறு டீப், அலமாரி டீப்."

"என் மச்சினன் தலை?"

"நீங்க சொல்லிக் கேட்டதை வெச்சுப் பார்த்தா, திக். சந்தேகமே இல்லை."

கண்டக்டருக்கு அப்போதுதான் உறைத்தது. "சுவருக்கு எப்படி டீச்சர் டீப்பு வரும்?"

"உள்ளே வெறுமையா இருந்தா வரும்."

அவள் முகத்திலிருந்து முந்தானை இறங்கியது. அழுத கண்ணாகத் தெரியவில்லை, பளபளவென்று இருந்தது. அப்பா கிடைக்கப் போகிற சந்தோஷம் என்று கண்டக்டர் நினைத்துக்கொண்டார்.

பின் சுவர் முழுக்க மரப்பலகை அடித்திருந்தது. எங்கே தட்டினாலும் ஒரே மாதிரி 'டொக்' என்றது. முப்பதடி நீளத்தையும் மூவருமாகத் தட்டிக்கொண்டே போனார்கள். கை வலித்ததுதான் மிச்சம். கண்டக்டர் களைத்துப்போய்த் தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் கண்ணில் எறும்புச் சாரி ஒன்று பட்டது. ஷட்டருக்கு அடியிலிருந்து கிளம்பி, கட்டில் கால்களைச் சுற்றிக்கொண்டு, ஒரு கண்ணாடி மேஜைக்குப் பின்னால் போய், பலகையின் அடி இடுக்கில் நுழைந்து மறைந்தது.

"டீச்சர், இதுங்க எல்லாம் ஒரே ஸ்டாப்புல இறங்குதே! சுவருக்குள்ள என்ன விசேஷம்?"

கண்ணாடி மேஜையை நகர்த்தினார்கள். முழங்கால் உயரத்தில் சதுரமாக ஒரு பலகை. மேல் ஓரத்தை அழுத்தியதும் உள்பக்கமாகச் சாய்ந்தது. இருட்டிலிருந்து புழுங்கிய காற்று முகத்தில் அடித்தது.

"அண்ணே, நீங்க போய்ப் பாருங்கண்ணே," என்றாள் அவள். "அப்பா உசுரோட இருக்காரான்னு..."

கண்டக்டர் டீச்சரைப் பார்த்தார். டீச்சருக்கு அவர் பயம் தெரியும். "நான் போறேன்" என்று முந்தானையைச் செருகினார்.

"வேணாம் டீச்சர், உங்க முழங்கால் தாங்காது." சாவிக்கொத்திலிருந்த சின்ன டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, வயிற்றை எக்கி, கண்டக்டர் தலையை உள்ளே விட்டார்.

நுழைந்ததும் இரண்டு பக்கமும் செங்கல் தோளை உரசியது. முதுகுக்குப் பின்னால் வெளிச்சம் ஒரு கைக்குட்டை அளவுக்குச் சுருங்கியது. மூச்சு விட்டால் அந்த மூச்சே முகத்தில் திரும்பி மோதியது. 'இப்படியே மாட்டிக்கிட்டா பின்னால இழுக்கக்கூட ஆள் போதாது' என்று நினைத்தார். பழைய பழக்கத்தில் ஸ்டாப் பெயர்களை வரிசையாக முணுமுணுத்துக்கொண்டே தவழ்ந்தார். ஏழாவது ஸ்டாப்பில் பாதை இடதுபுறம் திரும்பி அகலமாயிற்று. அங்கே நிமிர்ந்து உட்கார இடமிருந்தது.

டார்ச் வெளிச்சத்தில் இரண்டு கண்கள் தெரிந்தன.

"யாரு?" என்றது ஒரு வறண்ட குரல். மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கம் விரிசல், மடியில் துணிப் பொட்டலம், பக்கத்தில் காலி தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட் உறையும்.

"டிக்‌ஷனரி சாரா? நல்ல வேளை!" கண்டக்டருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "பயப்படாதீங்க சார். உங்க பொண்ணு வெளியேதான் காத்துக்கிட்டு இருக்கு."

அந்த மனுஷர் கண்டக்டரின் கையை இறுகப் பிடித்தார்.

"எனக்குக் கல்யாணமே ஆகலையே. பொண்ணு எங்கேயிருந்து வரும்?"

கண்டக்டர் டார்ச்சை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

சரியாக அந்த நேரம் வெளியிலிருந்து, "அண்ணே! அப்பா இருக்காரா? கையில ஏதாவது வெச்சிருக்காரா?" என்று அவள் கூப்பிடுவது கேட்டது.

டிக்‌ஷனரி உதட்டில் விரல் வைத்தார். "அது முதலாளியம்மா," என்று காதோரம் சொன்னார். "அவன் பெண்டாட்டி."

முணுமுணுப்பாகவே மீதியையும் சொன்னார். திங்கட்கிழமை, பட்டியல் முடிந்த பிறகு வந்து இறங்கிய ஒரு மேஜையை அளந்திருக்கிறார். பலகை மூன்று இன்ச் திக் என்று எழுதப் போனால், கனம் இல்லை. தட்டினால் உள்ளே வெறுமை. திறந்து பார்த்தபோது, மூன்று மாசத்துக்கு முன் மியூசியத்தில் காணாமல் போன உள்ளங்கை அகல ஓவியங்கள் பன்னிரண்டும் பொட்டலமாக இருந்தன. அந்த நேரம் பார்த்து முதலாளி மனைவியோடு உள்ளே வர, அன்று காலை சுவரை அளக்கையில் கண்டுபிடித்திருந்த சுவர்ப் பொந்துக்குள் பொட்டலத்தோடு நுழைந்துவிட்டார். உள்ளேதான் இருக்கிறார் என்று தெரிந்தும் எங்கே என்று அவர்களுக்குத் தெரியவில்லை, ஷட்டருக்கு இரண்டு நாளாகக் காவல்.

"பட்டியலை அதுக்கு முன்னாடியே எழுதி ஆபீஸ் மேஜை மேல வெச்சிட்டேன். 'திக்'னு எழுதியிருந்தா இங்கே யாராலயும் என்னைக் கண்டுபிடிக்க முடியாது. உள்ளே வெறுமைன்னு தெரிஞ்சப்புறம் பொய்யா எழுதக் கை வரலை."

கண்டக்டர் ஒரு நிமிஷம் கண்ணை மூடினார். வெளியே டீச்சர் அந்தப் பெண்ணோடு தனியாக. ஷட்டருக்கு வெளியே அவள் புருஷன். கத்திச் சொன்னால் அவளுக்கும் கேட்கும். பேசாமல் இருந்தால் அவளே எட்டிப் பார்ப்பாள். எதையாவது சொல்ல வேண்டும், அது டீச்சருக்கு மட்டும் புரிய வேண்டும்.

"அசையாம இருங்க சார்," என்று சொல்லிவிட்டுப் பின்னாலேயே தவழ்ந்து வெளியே வந்தார். பலகையை இழுத்துச் சாத்தி, அதிலேயே முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, தூசியைத் தட்டினார்.

"என்ன ஆச்சு?" அவள் கிட்டத்தட்டப் பாய்ந்தாள்.

"எலி குடும்பம் நடத்துது. வேற ஒண்ணும் இல்லை. ரெண்டு முழம் போனா செங்கல்தான். டிக்‌ஷனரி எழுதினது தப்பு டீச்சர்." கண்டக்டர் டீச்சரின் முகத்தை நேராகப் பார்த்தார். "சுவர் திக். நாலடியும் திக்."

டீச்சரின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. வகுப்பில் பின் பெஞ்சுக்காரன் முதல் தடவையாகச் சரியான விடை சொன்னால் பார்க்கிற மாதிரி ஒரு கணம் பார்த்தார். அவ்வளவுதான்.

"திக்கா? நல்லாப் பாத்தீங்களா?"

"தலையை முட்டியே பாத்தேன்."

"அப்போ நான்தான் தப்பாப் படிச்சிருக்கேன்." டீச்சர் பட்டியலைத் திருப்பினார். "இரும்மா. அந்தப் பெரிய பீரோ. உள் ஆழம் ரெண்டு அடின்னு போட்டிருக்கார். வெளியே பார்த்தா மூணு அடிக்குக் குறையாது. மிச்சம் ஒரு அடி எங்கே போச்சு?"

"பின் பலகைக்குப் பின்னாடியா?"

"இருக்கலாம். ஒருத்தர் உள்ளே நின்னு தட்டணும். நான் பின்பக்கம் காதை வெச்சுக் கேக்கணும். கண்டக்டர் நுழைஞ்சா பீரோ பொளந்துடும். நீதான் ஒல்லியா இருக்கே."

அவள் யோசிக்கவே இல்லை. செருப்பை உதறிவிட்டு ஏறினாள். "எங்கே தட்டணும் டீச்சர்? இங்கேயா?"

"இன்னும் உள்ளே தள்ளி."

டீச்சர் கதவைச் சாத்தினார். பித்தளைச் சாவி ஒரு சுற்றுச் சுற்றியது. சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"சொல்லுங்க கண்டக்டர். உள்ளே அவர் உசுரோட இருக்காரா? இவ யாரு?"

"இருக்கார். இவ முதலாளி பெண்டாட்டி."

டீச்சர் பையிலிருந்து இரண்டாவது தாளை எடுத்து நீட்டினார். அவள் எழுதிய அங்க அடையாளம். 'என் அப்பா ஐந்தடி ஆறு அங்குலம் ஹை' என்று இங்கிலீஷில் இருந்தது. 'ஹை'யை அடித்து, மேலே சிவப்பு மையில் 'டால்' என்று திருத்தியிருந்தது.

"மனுஷனுக்கு 'ஹை' வராது, 'டால்'தான் வரும். டிக்‌ஷனரி வளர்த்த பொண்ணு இதைத் தப்பா எழுதுமா? நேத்தே கண்ணுல பட்டுது. சிவப்புப் பேனாவை எடுத்தேன், திருத்தினேன். திருத்தினேனே தவிர யோசிக்கலை. முப்பது வருஷத்துப் புத்தி." டீச்சர் தாளை இரண்டாக மடித்தார். "அவரைக் காட்டிக் குடுக்க நானே வழி காட்டியிருக்கேன்."

"விடுங்க டீச்சர். எங்க டிப்போவில சாயங்காலம் தண்ணி போட்டா எல்லா மனுஷனும் ஹைதான்."

பீரோவுக்குள் முதலில் தட்டல், பிறகு உதை. பிறகு அழுகையே இல்லாத ஒரு குரல்: "ஏய் கிழவி, திறடி!" அதைத் தொடர்ந்து தாழ்ந்த பேச்சு. "என்னங்க, சீக்கிரம் வந்து திறங்க. என்னைப் பூட்டிட்டாங்க."

"போனை வாசல்ல வெச்சதா நடிச்சாளா!" கண்டக்டர் பதறினார்.

"நல்லதுதான். நம்மால திறக்க முடியாத ஷட்டரை அவ புருஷன் வந்து திறக்கப் போறான். அவரை வெளியே கொண்டாங்க, சீக்கிரம்!"

இரண்டாவது தடவை நுழைந்தபோது ஸ்டாப் பெயர் சொல்லக்கூட கண்டக்டருக்கு நேரமில்லை. கால் மரத்துப்போயிருந்த டிக்‌ஷனரியைக் கக்கத்தில் கை கொடுத்து இழுத்து வந்தார். பொட்டலத்தை அந்த மனுஷர் நெஞ்சைவிட்டு எடுக்கவில்லை. ஷட்டருக்கு ஒரு பக்கம் டிக்‌ஷனரியும் டீச்சரும், மறுபக்கம் சாமான் போர்த்துகிற கனத்த மெத்தைப் போர்வையோடு கண்டக்டர். வெளியே பூட்டு கழன்றது. ஷட்டர் இடுப்பளவு ஏறி நின்றது. இரும்புக் கம்பி ஒன்று முதலில் உள்ளே வந்தது, பின்னாலேயே முதலாளியின் குனிந்த தலை.

கண்டக்டர் போர்வையை அவன் தலைமேல் போட்டு, கூட்டத்தை உள்ளே தள்ளுகிற பழைய வேகத்தில் ஒரே தள்ளாகத் தள்ளினார். முதலாளி கட்டில் கால்களுக்கு நடுவே போய் விழுந்தான். கம்பி எங்கோ உருண்டது. அவன் போர்வையைப் பிய்த்துக்கொண்டு எழுவதற்குள் மூவரும் வெளியே குனிந்து வந்துவிட்டார்கள். கண்டக்டர் ஷட்டரில் தொங்கி அதைத் தரை வரை இழுத்தார். கொண்டியில் பூட்டும் சாவியும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன. டீச்சர் பூட்டினார்.

முற்றத்தில் இழைத்துக்கொண்டிருந்த தச்சர்கள் இழைப்புளியைக் கையில் பிடித்தபடி வாய் பிளந்து நின்றார்கள். இரண்டு நாளாகக் காணாத குமாஸ்தா, தலையெல்லாம் ஒட்டடையோடு, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு தச்சர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். இன்னொருவர் போலீசுக்குப் போன் பண்ணினார். ஷட்டருக்கு உள்ளே புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வது தெருவரை கேட்டது.

சாயங்காலத்துக்குள் இருவரையும் வேனில் ஏற்றிவிட்டார்கள். ஓவியங்கள் பன்னிரண்டும் சேதமில்லாமல் இருந்தன. மியூசியத்து அதிகாரி அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து மூக்கை உறிஞ்சினார்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் வாக்குமூலம் எழுதினார். முடிக்கிற இடத்தில் பேனாவை நிறுத்தி, "சார், தகவல் சொல்ல வேண்டிய சொந்தக்காரங்க யாரு?" என்று கேட்டார்.

டிக்‌ஷனரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். "யாரும் இல்லைங்க. நான் காணாமப் போனா முதலாளி மட்டும்தான் தேடுவார்னு அடிக்கடி சொல்லுவேன். அது பலிச்சுப் போச்சு."

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என் பேரை எழுதுங்க சார்," என்றார் கண்டக்டர்.

"என்ன உறவு?"

"தாய் வழி, தகப்பன் வழி மாதிரி, இது சுவர் வழி."

இன்ஸ்பெக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குனிந்து 'தம்பி' என்று எழுதி, தாளை டிக்‌ஷனரியின் பக்கம் தள்ளினார். "படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க. எழுதினதுல தப்பு ஏதாவது இருக்கா?"

டிக்‌ஷனரி கடைசி வரியை இரண்டு தடவை படித்தார். பேனாவை வாங்கினார்.

"இருக்கு," என்றார். "இருக்கட்டும்."

கையெழுத்துப் போட்டார்.